கழுகு போட்ட மேஜைக்கு வயசு என்ன?

பழைய சாமான் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் சித்தூர்ல இருந்து எழுதுறேன். எங்க தாத்தா இங்க மிஷன் பங்களாவுல சமையல்காரரா இருந்தவரு. 1938ல துரை குடும்பத்தோட அமெரிக்காவுக்கே திரும்பிப் போனப்ப தூக்கிட்டுப் போக முடியாத சாமான்ல ஒரு எழுதுற மேஜைய தாத்தாவுக்குக் குடுத்துட்டாங்களாம். சாய்வான மூடி, அதத் திறந்து சாய்ச்சா எழுதுற பலகை ஆயிடும், உள்ள கடுதாசி வெக்க சின்னச் சின்ன அறை, கீழ நாலு டிராயர். மூடி நடுவுல முட்டை வடிவத்துல ஒரு கழுகு, பெயின்ட் இல்ல, வேற வேற கலர் மரத்த வெட்டிப் பதிச்சது. டிராயர் ஓரமெல்லாம் வெள்ளக்கோடு. ரெண்டு மாசம் முன்ன பழைய சாமான் வாங்குறவரு ஒருத்தர் வந்து 15 ஆயிரம்னாரு, நான் வாயே தொறக்கல, அடுத்த வாரம் தானா வந்து 40 ஆயிரம்னாரு, அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு. அமெரிக்காவுல இருக்குற சித்தப்பா பையன் போட்டோவ பாத்துட்டு, பின்பலகையில 1793னு நம்பர் இருக்கே அது வருஷம்தான், இதே மாதிரி அங்க லட்சக்கணக்கான டாலருக்குப் போகுது, கப்பல்ல அனுப்புங்குறான். எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை பாலிஷ்காரர வரச்சொல்லி பளபளன்னு பண்ணிட்டு அப்புறம் வெலை பேசலாங்குறாரு. யார் சொல்றது சரி?

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த பாலிஷ்காரருக்கு போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடும்மான்னு உனக்கு உடனே மெசேஜ் போட்டேன், நீயும் நிறுத்திட்ட, நல்லது. மத்ததெல்லாம் போட்டோல பாத்து சொல்ற விஷயம் இல்ல. குடியாத்தத்துல இருந்து பரதராமி வழியா பஸ் ஏறினா சித்தூர் எவ்ளோ தூரம், அதான் நானே வந்துட்டேன். அங்க பாத்தத மத்த வாசகருங்களுக்கும் சொல்றேன், ஏன்னா இந்தப் பக்கம் சித்தூரு, பலமனேரு, மதனப்பள்ளி, ராணிப்பேட்டை, வேலூர்னு எங்கெல்லாம் மிஷன் காம்பவுண்ட் இருந்துச்சோ அங்கெல்லாம் இந்த மாதிரி ஒரு சாமான் யாராவது வீட்டுல அரிசி மூட்டைக்குப் பின்னாடி கெடக்கும்.

அமெரிக்க சாமான் இங்க எப்படி வந்துச்சுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வரி. ஸ்கடர் குடும்பத்து அண்ணன் தம்பிங்க 1853ல ஆரம்பிச்ச அமெரிக்கன் ஆற்காடு மிஷன் இந்த எல்லைப் பக்கம் பூரா வேலை பாத்துச்சு, வேலூர் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மாவும் அந்தக் குடும்பம்தான், 1870ல ராணிப்பேட்டையில பொறந்தவங்க. அதுக்கும் முன்னாடியே பாஸ்டன்ல இருந்து ஐஸ் கட்டி ஏத்திட்டு கப்பல் வந்துட்டிருந்துச்சு, 1833ல கல்கத்தாவுக்கு, அப்புறம் மெட்ராஸுக்கு, மெரினாவுல ஐஸ் ஹவுஸ்னு நிக்குதே அது அந்த ஐஸ் வெக்கக் கட்டுனதுதான். ஐஸே வந்துச்சுன்னா மேஜை வர்றதுக்கு என்ன.

சரி, மேஜைக்கு வருவோம். எல்லாரும் பண்ற தப்ப நானும் ஒரு காலத்துல பண்ணிருக்கேன், மொதல்ல கழுகத்தான் பாப்பாங்க. கழுகு பேச்ச நம்பாதீங்க. அமெரிக்கா 1782ல கழுகத் தன்னோட அரசு முத்திரையில வெச்சுது, அதுக்கப்புறம் அடுத்த 30, 40 வருஷம் கண்ணாடி, கடிகாரம், மேஜைன்னு எதப் பாத்தாலும் கழுகுதான், அந்தக் காலத்து மரச்சாமானுக்கு ஃபெடரல் ஸ்டைல்னு பேரு. மகோகனி மரம், ஒல்லியான கால், முட்டை வடிவம், ஓரத்துல நூல் மாதிரி வெள்ளக்கோடு. அப்புறம் 1876ல சுதந்திரம் வாங்கி 100 வருஷம் ஆச்சுன்னு பிலடெல்பியாவுல பெரிய கண்காட்சி வெச்சாங்க, அதோட பாட்டன் காலத்து சாமான் மேல மறுபடியும் மோகம் வந்து, ஃபேக்டரியெல்லாம் அதே கழுகு, அதே வெள்ளக்கோடு, அதே காலுன்னு போட்டு பல வருஷம் வித்துச்சு. ஆக முகத்த மட்டும் பாத்தா பாட்டனும் பேரனும் ஒரே ஜாடை.

அதனால நான் கழுகுக்கு முதுகக் காட்டிட்டு டிராயர் நாலையும் உருவி பாய் மேல கவுத்து வெச்சேன், தங்கச்சியோட மாமியார் நான் ஏதோ திருட்டுப்பய மாதிரி பாத்துட்டே இருந்தாங்க.

வெளிய தெரியற எடத்துக்கு விலை ஒசந்த மரம், உள்ள டிராயர் பக்கம், அடிப்பலகை, முதுகுப்பலகைக்கு ஊர்ல சல்லிசா கெடைக்கிற மரம், இதுதான் உலகம் பூரா ஆசாரிங்களோட கணக்கு. விலை ஒசந்த மரம் கப்பல்ல எங்க வேணா போகும், சல்லிசான மரத்த யாரும் கப்பல் கூலி குடுத்து அனுப்பமாட்டான், அதனால சாமான் எந்த ஊர்ல செஞ்சதுன்னு உள்மரந்தான் சொல்லும். பாஸ்டன் பக்கம்னா வெள்ளை பைன், பென்சில்வேனியா பக்கம்னா டூலிப் பாப்லர்னு ஒன்னு, லேசா பச்சை ஓடுன மஞ்சளா இருக்கும், இங்கிலாந்து சாமான்னா ஓக் மரம் நிறைய பாக்கலாம். நம்ம ஊர்ல செஞ்சதுன்னா உள்ளயும் தேக்கு, இல்லன்னா பலா, மா. இந்த மேஜையில மூணு டிராயர்ல பக்கப்பலகை வெளுப்பா, லேசா, நகத்தால அழுத்துனா பள்ளம் விழற மாதிரி மெத்துனு இருந்துச்சு, பைன். நம்ம ஊர் வியாபாரி இதப் பாத்தா பேக்கிங் பெட்டி மரம்னு ஒதுக்குவாரு. அதுதான் இது கடல் தாண்டி வந்ததுக்கு சாட்சி. காட்பாடியில மிஷன் தொழிற்பள்ளி இருந்துச்சு, அங்க நம்ம பசங்க மரவேலை கத்துக்கிட்டாங்க, அமெரிக்க மாடல் பாத்து இங்கயே செஞ்சதா இருக்குமோன்னுதான் நான் போகும்போது நெனச்சேன். பைனப் பாத்ததும் அந்த சந்தேகம் போச்சு.

இப்ப வயசு. டிராயர் மூலைய பாருங்க. ரெண்டு பலகை சேர்ற எடத்துல புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லு ஒன்னுக்குள்ள ஒன்னு கோத்திருக்கும், நம்ம ஆசாரிங்க டவ்டெயில்னே சொல்லுவாங்க. கையால வெட்டுனா ஒரு பல்லு அகலமா ஒரு பல்லு குறுகலா இருக்கும், பல்லோட அடியில ஆசாரி அளவுக்குக் கிழிச்ச கோடு இருக்கும், ரம்பம் ஒரு நூல் தாண்டி ஓடியிருக்கும். மெஷின் வெட்டுனா எல்லாப் பல்லும் அச்சுல வார்த்தாப்புல. பைன் டிராயர் மூணும் அச்சுல வார்த்தது. கடைசி நாலாவது டிராயர் மட்டும் கையால வெட்டுனது, பல்லு கோணல்மாணல், கீறல் கோடு பளிச்சுனு இருக்கு. உடனே எங்கூட வந்த பையன், அண்ணே அப்ப இதுதான் ஒரிஜினல் 1793 டிராயர், மத்தது மாத்துனதுன்னு கத்துறான். மோந்து பாருடான்னேன். மஞ்ச மரம், பலா. அமெரிக்காவுல பலா மரம் ஏது? கரையான் அரிச்சுதோ என்னமோ, அடி டிராயர் போயிருக்கு, நம்ம சித்தூர் ஆசாரி யாரோ பலாவுல புதுசா ஒன்னு செஞ்சு முன்முகத்த மட்டும் பழைய மகோகனியவே ஒட்டி வெச்சிருக்காரு. நாலுல வயசு கொறஞ்ச டிராயர் அதான். அமெரிக்க புத்தகங்கள்ல கைவெட்டு டவ்டெயில்னா பழசு, மெஷின்னா புதுசுன்னு எழுதியிருப்பாங்க, அது அவங்க ஊருக்கு சரி. எங்க நைனா 1985லயும் பட்டறையில உளி வெச்சுத்தான் டவ்டெயில் வெட்டினாரு. நம்ம ஊர்ல அந்த விதிய வெச்சு வயசு சொன்னா நைனா செஞ்ச கல்யாண பீரோவெல்லாம் 200 வருஷம் ஆயிடும்.

பின்பலகைய டார்ச் அடிச்சு சாய்வா பாத்தா வளைஞ்சு வளைஞ்சு ரம்பக் கோடு, வட்ட ரம்பத்துல அறுத்தது, பழைய நேர் ரம்பம்னா கோடு நேரா இருக்கும். வட்ட ரம்பம் பரவுனதே 1830க்கு அப்புறம். அந்தப் பலகைய அடிச்சிருக்குற ஆணிய ஒன்ன மெதுவா கெளப்பிப் பாத்தேன், தலை வட்டம், உடம்பும் வட்டம், கம்பி ஆணி. 1793ல ஆணின்னா கொல்லன் அடிச்சதோ இல்ல தகட்டுல வெட்டுன சதுர ஆணியோதான் இருக்கணும், கம்பி ஆணி அமெரிக்காவுல சகஜமானது 1890 வாக்குல. கீல்ல ஒரு ஸ்க்ரூவ கழட்டினேன், முனை கூரா இருந்துச்சு, பழைய ஸ்க்ரூன்னா முனை மொட்டையா இருக்கும். ஸ்க்ரூ மட்டும் மாத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க, நியாயம், அதுக்குத்தான் பக்கத்துல பழைய ஓட்டை அடைச்ச அடையாளம் இருக்கான்னு பாத்தேன், இல்ல. கைப்பிடிக்கும் அதே மாதிரி டிராயர் முகத்தோட உள்பக்கம் பாத்தேன், எத்தனை கைப்பிடியோ அத்தனை ஓட்டைதான், வேற இல்ல.

1793ங்குற நம்பர்? கறுப்பு மையில அச்சுக்கட்டையால குத்துனது, பைன் டிராயர் மூணுக்கு அடியிலயும் பின்பலகையிலயும் ஒரே மாதிரி. அதக் குத்துன பலகைய அடிச்சிருக்கறதே கம்பி ஆணி, அப்புறம் எப்படி வருஷம் ஆகும்? ஃபேக்டரி மாடல் நம்பர்னுதான் நான் எடுத்துக்கறேன். சித்தப்பா பையன் சும்மா சொல்லல, பாஸ்டன்ல ஜான் சீமோர்னு பேர்போன மரவேலைக்காரர், இங்கிலாந்துல இருந்து குடும்பத்தோட 1784ல அமெரிக்காவுல போர்ட்லாண்டுக்கு வந்து பாஸ்டனுக்கு மாறுனது அதே 1793லதான், அவரும் அவர் மகனும் கலர் மரம் பதிச்சு செஞ்ச மேஜைங்க ம்யூசியத்துல இருக்கு. ஒரு அம்மா வீட்டு வாசல் சேல்ல 25 டாலருக்கு வாங்குன சின்ன சீட்டாட்ட மேஜை ஒன்னு, அடியில சீமோர் லேபிள் ஒட்டியிருந்ததால 1998ல ஏலத்துல 5,41,500 டாலருக்குப் போச்சு. இன்டர்நெட்ல பையன் பாத்தது இந்த மாதிரி கதையாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கதையில காசு லேபிளுக்கும், ஒரிஜினலா இருந்ததுக்கும் வந்தது.

கடைசியாத்தான் கழுகுகிட்ட போனேன். எறக்கையில ஒவ்வொரு இறகுக்கும் ஒரு ஓரம் பழுப்பா மங்கி, அது மேல அடுத்த இறகு வெள்ளையா ஆரம்பிக்குது, அதனாலதான் பொடைச்சுக்கிட்டு நிக்கற மாதிரி தெரியுது. அது சாயம் இல்ல. இரும்புச் சட்டியில மணலக் காய்ச்சி, மெல்லிசு மரத்துண்டோட ஓரத்த அதுல குத்தி எடுப்பாங்க, தீய்ஞ்ச எடம் நிழலா நிக்கும். நம்ம ஊர்ல வேர்க்கடலை வறுக்கற சட்டி மணலேதான், கொஞ்சம் கூட வெச்சா கருகிடும், கொஞ்சம் முன்ன எடுத்தா நிழலே விழாது. வெள்ளக்கோடு ஹோலி, மேப்பிள் மாதிரி வெளுத்த மரம். ஃபேக்டரி சாமான்தான்னாலும் இந்தக் கழுகப் பண்ண கை நல்ல கை, அத ஒத்துக்கணும். ஆனா ஓரம் பேந்த எடத்துல மேல ஒட்டியிருக்குற மகோகனி தோல், வெனீர்னு சொல்லுவாங்க, எவ்ளோ கனம்னு பாத்தேன், விசிட்டிங் கார்டு கனம் கூட இல்ல. கையால அறுத்த பழைய வெனீர் இவ்ளோ மெல்லிசா வராது, இது மெஷின்ல சீவுனது.

ஆக என் தீர்ப்பு இது. அமெரிக்காவுல, ஃபேக்டரியில, 1890லருந்து 1920க்குள்ள, பழைய ஃபெடரல் ஸ்டைல பாத்து செஞ்ச மேஜை, ஒரு டிராயர் சித்தூர் பலா. போலின்னு சொல்லாதீங்க, ஏமாத்த செஞ்சதில்ல, ஒரு மோகத்துக்கு செஞ்சது, அதுவே இப்ப நூறு வயசு தாண்டியாச்சு.

பாலிஷ் விஷயம். மெல்லிசு வெனீர்னு சொன்னேனே, பாலிஷ்காரர் மொதல்ல எடுக்கறது என்ன, சாண்ட்பேப்பர். ரெண்டு தேய் தேய்ச்சா கழுகோட நிழல் போயிடும், மூணாவது தேய்ல கழுகே போயிடும். இத நான் படிச்சு சொல்லல. இருபது வயசுல நைனா ஊர்ல இல்லாதப்ப ஒரு வக்கீல் வீட்டுப் பெட்டிய சீக்கிரமா முடிச்சுக் குடுத்து பேர் வாங்கலாம்னு தேய்ச்சு, பூவெல்லாம் வெறும் வெள்ளப் பொட்டா ஆயிப்போயி, நைனா வந்து பாத்துட்டு திட்டவே இல்ல, ரெண்டு நாள் எங்கூட பேசல. உன் மேஜையில இருக்கறது பழைய ஸ்பிரிட் பாலிஷ், கண்ணுக்குத் தெரியாத எடத்துல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு வெச்சேன், பிசுபிசுன்னு கரைஞ்சுது, அதாவது அரக்கு. அரக்கே நம்ம நாட்டுல இருந்துதான் உலகம் பூரா போச்சு, மேஜை மேல அடிச்சிருக்கறது ஒருவேளை இங்கருந்து போயி திரும்பி வந்ததோ என்னமோ. அது மேல மெலமைன்னு கெட்டி பாலிஷ் ஒன்னு இருக்கே, அத அடிச்சீங்கன்னா அப்புறம் எடுக்கவே முடியாது. மெத்துனு உலர்ந்த துணியில தூசி தட்டுங்க, போதும். பேந்த துண்டுங்கள பொறுக்கி ஒரு கவர்ல போட்டு மேல் டிராயர்ல வைங்க, ஒட்டணும்னா வஜ்ரம், அதான் மாட்டுத்தோல்ல செய்யற பசை, அதக் காய்ச்சி ஒட்டத் தெரிஞ்ச ஆள் பாத்துக்குவாரு, நாளைக்கு தப்பா ஒட்டிருந்தா சூடு காட்டி எடுத்துடலாம், வெள்ளப் பசையில ஒட்டுனத அப்படி சுலபமா எடுக்க முடியாது. மேஜைய ஜன்னல் வெயில்ல இருந்து தள்ளி வைங்க, சித்தூர் வெயிலுக்கு பலகை சுருங்கும், குறுக்க ஓடற வெள்ளக்கோடு சுருங்காது, அதான் பேத்துக்கிட்டு வருது.

கப்பல்ல அனுப்பறது. 1972ல போட்டு 1976 ஏப்ரல் 5லருந்து அமலுக்கு வந்த தொல்பொருள் சட்டத்துல, நூறு வருஷம் தாண்டின கைவேலைப் பொருள தனியாருங்க நாட்டவிட்டு வெளிய அனுப்பக்கூடாது. என் கணக்குப்படி உன் மேஜை நூறு தாண்டினதுதான். இல்லன்னு நெனச்சா இந்தியத் தொல்லியல் துறைகிட்ட காட்டி இது தொல்பொருள் இல்லன்னு சான்று வாங்கிட்டுத்தான் அனுப்பணும். அமெரிக்காவுல செஞ்சதுதானேன்னு கஸ்டம்ஸ்ல வாதாடிட்டு நிக்காதீங்க. அங்கயும் இந்த கருமகோகனி சாமானுக்கு இருபது வருஷமா மவுசு எறங்கிப்போச்சு, புள்ளைங்க சின்ன வீட்டுல இருக்காங்க, பாட்டி மேஜை வேணாங்குறாங்க. கப்பல் கூலி குடுத்து அனுப்பி, ஏலக்காரன் கமிஷன் போக கையில நிக்கறத நெனச்சுப் பாரு.

வெலைன்னு கேட்டா எந்த வெலைன்னு கேப்பேன். வீட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போறவர் குடுக்கற வெலை ஒன்னு, அவர் பெங்களூர் கடையில சீட்டு ஒட்டற வெலை ஒன்னு, இன்சூரன்ஸ்ல எழுதற வெலை ஒன்னு. 15 ஒரே வாரத்துல 40 ஆச்சுன்னா அவர் மனசுல யாரோ வாங்கற ஆள் ரெடியா இருக்காருன்னு அர்த்தம். காரைக்குடியிலயும் பெங்களூர்லயும் ரெண்டு மூணு கடைக்கு போட்டோ அனுப்பி கேளு, டிராயர் அடி, பின்பலகை, கழுகு கிட்டத்துல, எல்லாம் சேத்து, பலா டிராயர மறைக்காம. நான் வாங்கறவனா இருந்தா 70 ஆயிரம் வரைக்கும் யோசிப்பேன், அதுக்கு மேல போறதுன்னா மேஜையோட கதைக்கு கடுதாசி வேணும். தாத்தாவுக்கு துரை குடுத்த சீட்டு, நன்னடத்தை சர்ட்டிபிகேட், மேஜை பின்னாடி தெரியற பழைய பங்களா போட்டோ, எதாவது ட்ரங்குப் பெட்டியில இருக்கான்னு மாமியார கேளு. அந்த மிஷன அனுப்புன சபையோட ஆவணக்காப்பகம் நியூ ஜெர்சி மாநிலம் நியூ பிரன்ஸ்விக்ல இருக்கு, சித்தப்பா பையன் அந்த நாட்டுலதான இருக்கான், வெலை பாக்கற நேரத்துல போயி பங்களா போட்டோ தேடட்டும்.

விக்காம வெச்சுக்கலாமான்னு வாசல் வரைக்கும் வந்து மெதுவா கேட்ட பாரு, அதுக்கு எங்கிட்ட பதில் கேக்காத, உன் பொண்ணு அதுல ஒக்காந்து ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தத நானும் பாத்தேன்.

கேள்வி: குப்பத்துல இருந்து எழுதுறேன் சார். பாட்டி வெச்சிருந்த சின்ன எழுத்துப்பெட்டி, கருப்பு ஈட்டி மரம், ஓரம் பூரா வெள்ளையா பதிச்சு அதுல கறுப்புக் கோட்டுல பூவேலை. அமெரிக்காவா இங்கிலாந்தா? என்ன வெலைக்கு விக்கலாம்?

பதில்: ரெண்டும் இல்லீங்க, நீங்க சொல்றது விசாகப்பட்டினம் வேலை மாதிரி இருக்கு. 18ஆம் நூற்றாண்டுல இருந்து அங்க வெள்ளக்காரங்களுக்காக தந்தத்த பதிச்சு, அதுல கீறி, கீறல்ல கறுப்பு அரக்கு நெரப்பி மேஜை, பெட்டி எல்லாம் செஞ்சாங்க. வெலை பேசறதுக்கு முன்ன அது தந்தமா எலும்பான்னு தெரியணும். லென்ஸ் வெச்சுப் பாருங்க, பொடிப்பொடியா கறுப்புப் புள்ளியோ குட்டிக் கோடோ இருந்தா எலும்பு, குறுக்குவெட்டுல வலை பின்னுன மாதிரி வளைஞ்ச கோடு ஒன்ன ஒன்னு வெட்டுனா தந்தம். தந்தம்னா விக்கவும் முடியாது வாங்கவும் முடியாது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 1986ல திருத்தம் கொண்டாந்து தந்த வியாபாரத்த நிறுத்தியாச்சு, பாட்டி காலத்துதுன்னாலும் அதேதான். வெச்சிருக்கறதுக்கே உரிமைச் சான்று வேணும், வனத்துறை ஆபீஸ்ல போயி கேளுங்க. அதுக்கு முன்னாடி எந்த புரோக்கருக்கும் போட்டோ அனுப்பாதீங்க.

கேள்வி: பலமனேர்ல ஏலத்துல எடுத்த ரோல் டாப் மேஜை (மூடி ஷட்டர் மாதிரி சுருண்டு மேல போகும்), பூட்டுல ஈகிள் லாக் கம்பெனி, டெரிவில், கனெக்டிகட்னு ஒரு பேட்டன்ட் வருஷத்தோட போட்டிருக்கு. அந்த வருஷம் செஞ்ச மேஜைதானே?

பதில்: இல்லீங்க. பேட்டன்ட் வருஷம்னா அதுக்கு முன்ன செஞ்சிருக்க முடியாது, அவ்ளோதான், அதே வருஷத்த குத்திக்கிட்டே பல வருஷம் பூட்டு போட்டிருப்பாங்க. பூட்டு அமெரிக்கான்னா மேஜையும் அமெரிக்கான்னு இல்ல, ஒடஞ்ச மேஜை பூட்ட கழட்டி நம்ம ஆசாரி தேக்கு மேஜையில போட்டிருக்கலாம். பூட்ட கழட்டுங்க, அது ஒக்காந்த பள்ளத்துல பூட்டு கச்சிதமா இருக்கா, இல்ல சுத்தி மரத்தூளும் மெழுகும் அடைச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் டிராயர உருவி அடி மரத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, பூட்டு போட்டோ நாலு அனுப்பிட்டீங்க, போதும்.